ராக்கெட்டில் ஏறாத முட்டை

எனக்கு இப்போது அறுபத்தொன்பது நடக்கிறது. பெற்றது மூன்று. அண்ணன் கடலோடு போனபிறகு அவன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் குடும்பமும் குட்டியுமாக நல்லபடியாக இருக்கின்றன. இது போக, சத்துணவுக் கூடத்தில் நான் சோறு போட்ட பிள்ளைகளையும் வளர்த்த கணக்கில்தான் வைத்திருக்கிறேன். அது எத்தனை என்று கேட்காதீர்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் எழுத்து எனக்குப் பழக்கமில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி ஷெரின்.

புதிதாகச் சத்துணவு வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு பருப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. அது ஒரு மாதத்தில் உங்கள் கைக்கே தெரிந்துவிடும். அடுப்பு எரிகிறபோது பின்னால் ஒருவர் வந்து நின்றுகொண்டு, 'இப்படிச் செய்' என்று காதோரமாகச் சொல்லுவார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் நம் வேலையில் கஷ்டமான பாகம். அதைச் சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வரட்டும். வயதானால் கோபம் அடங்கும் என்கிறார்கள். எனக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டிய கோபமும் இல்லை அது.

எனக்கு வேலை பழக்கியவள் எனக்கு முன்னால் அதே கூடத்தில் சமைத்த ஒரு அக்கா. பெயரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. நான் உதவியாளராகச் சேர்ந்த புதிது. அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று சேதி வந்தது. அப்போது இருந்த தலைமை ஆசிரியர் சமையல்கூடத்து வாசலில் வந்து நின்று, "அதிகாரிக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில கெட்டியா சாம்பார் வச்சிருங்கம்மா, காய் கூடப் போட்டு" என்றார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிள்ளையளுக்கு எது போதுமோ அது அவருக்கும் போதும் சாரே" என்றாள்.

அதிகாரி வந்தார். பெரிய சட்டியில் இருந்தே கோரி ஊற்றினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அக்காவுக்கு நல்ல திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டு வந்து பாத்திரம் கழுவினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "தனியா வச்சிருந்தா திட்டு கெடச்சிருக்காதேக்கா" என்றேன். அவள் கரித்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"ஏட்டி, தெனமும் நம்ம ஊத்துகது என்னதுன்னு அவருக்குத் தெரியண்டாமா? பிள்ளைக்க முன்னால நீட்டுக கையில என்ன இருக்கோ, அதுதான் எல்லாரு முன்னாலயும் இருக்கணும். நீ ரெண்டு சட்டி வச்சுப் பழகுனேன்னா அப்புறம் எந்தச் சட்டி நெசம்னு உனக்கே மறந்துரும்."

அக்கா ஓய்வு பெற்றுப் போனாள். அந்த இடத்துக்கு நான் வந்தேன். பிறகு சுனாமி வந்தது. எங்கள் கடற்கரையில் அதைத் தெரியாத வீடு கிடையாது. அதை இங்கே நான் பேசப் போவதில்லை. அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து நடந்த கதைதான் இது. பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். மேற்குக் கடற்கரையில், விளையாட்டு மைதானம் முடிகிற இடத்தில் மணலும் மீன்பிடி வள்ளங்களும் தொடங்குகிற ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே படித்துப் போய் வளைகுடாவில் பெரிய வேலையில் இருந்த ஒருவர் பள்ளிக்கு ஒரு ராக்கெட் பெட்டி அனுப்பினார். நீளமாக ஓர் அட்டைக்குழாய், அடியில் ஒட்டுவதற்குச் சிறகுகள், மடித்து வைக்க ஒரு குடைத்துணி, தலைப்பக்கம் ஒரு முட்டை உட்காருகிற அளவுக்குப் பிளாஸ்டிக் கூடு. குழாயின் அடியில் வெடிமருந்துக் குச்சி ஒன்றைச் செருகி, தூரத்தில் நின்று பொத்தானை அமுக்க வேண்டும். மேலே போய், குடை விரித்து, முட்டை உடையாமல் கீழே வர வேண்டும். பிள்ளைகள் தாங்களே ஒட்டி, கட்டி, பறக்கவிட்டுப் படிக்கட்டும் என்று அந்த மனிதர் அனுப்பியிருந்தார். நல்ல காரியம்தான்.

அந்தப் பெட்டியைப் பெரிய சார் என்ன செய்தார் தெரியுமா? பெரிய சார் என்றால் அப்போதைய தலைமை ஆசிரியர். தன் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கோப்பைகளுக்கு நடுவில். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஒரு பள்ளி ஆண்டு முழுக்க அது அங்கேயே இருந்தது. அனுப்பியவர் லீவில் ஊருக்கு வருகிறார், ராக்கெட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று தெரிந்த பிறகுதான் பூட்டுத் திறந்தது. அப்போது ஒரே ஓட்டம். ஒரு வாரத்துக்குள் செய்து முடிக்க வேண்டுமாம்! ஒரு வருஷம் பூட்டி வைத்த கைதான் பிள்ளைகளைப் பார்த்து 'சீக்கிரம், சீக்கிரம்' என்று தட்டியது.

எட்டாம் வகுப்பில் அபிஷா என்று ஒரு பிள்ளை. அப்பன் ஆழ்கடல் போட்டில் போகிறவன், போனால் வர நாளாகும். அபிஷாவும் இன்னும் சில பிள்ளைகளும் அறிவியல் டீச்சரோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்ததால் சமையல்கூடத்து வராந்தாவில்தான் உட்கார்ந்தார்கள். அதனால்தான் எனக்கு எல்லாம் தெரியும். குடைத்துணிக்கு நூல் கட்டுகிற வேலை அபிஷாவுடையது. வீட்டில் வலையில் முடிச்சுப் போட்டுப் பழகிய கை. இழுத்தால் அவிழாது.

முட்டையைப் பொதிகிற வேலையும் அவளே. அதற்கு முட்டை வேண்டுமே? முதல் நாள் என்னிடம் வந்து கேட்டாள்.

"மாமி, ஒரு முட்டை தாங்க. மேல இருந்து போட்டுப் பாக்கணும்."

"மக்கா, எனக்கிட்ட இருக்கது எல்லாம் பிள்ளையளுக்க முட்டை. ஒருத்தருக்கு ஒண்ணு. உனக்குத் தந்தா யாருக்க தட்டுல இருந்து எடுக்கது?"

கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். "அப்போ எனக்குள்ளத அவிக்காதீங்க. பச்சையாத் தாங்க."

அன்று முதல் அப்படித்தான். முட்டை நாளில் அவள் பங்கை நான் சட்டியில் போடமாட்டேன். துடைத்துக் கையில் கொடுப்பேன். தேங்காய் நாரைத் தும்பு என்போம்; அந்தத் தும்பில் பொதிவாள், மாடியில் இருந்து போடுவாள், உடையும். பிறகு வந்து வெறும் சோறும் சாம்பாரும் தின்பாள். இன்னும் கொஞ்சம் தும்பு, இன்னும் கொஞ்சம் பஞ்சு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பாள்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அவித்த முட்டையைத் தட்டில் தட்டி உடைப்பதில்லை. நெற்றியில் ஒரு அடி. தன் நெற்றி, இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் நெற்றி. டப், டப் என்று கூடம் முழுக்கக் கேட்கும். ஆசிரியர்கள் எத்தனை முறை சத்தம் போட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. அபிஷா கையில் பச்சை முட்டையோடு போகும்போது பையன்கள் விடமாட்டார்கள்.

"ஏட்டி அபிஷா, உனக்க முட்டைய நெத்தியில ஒரு அடி அடி பாப்பம்!"

"உனக்க நெத்திய காட்டுல. அடிச்சுக் காட்டுகேன்" என்று இவள் துரத்துவாள்.

கடைசி நாள் மாடியில் இருந்து போட்ட முட்டை உடையவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையல்கூடத்துக்குள் ஓடிவந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. "இனி மேல போயிட்டு வந்தாப் போதும் மாமி" என்றாள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவுதான். தன் முட்டை மேலே போக வேண்டும். முழுசாகத் திரும்பி வர வேண்டும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

விருந்தாளி வருகிற நாள் வந்தது. காலையில் உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. பெரிய சார் வாசலில் வந்து நின்றார். எனக்கு அந்த அக்கா ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் வந்து நிற்கிறார்கள் என்றாலே ஏதோ இரண்டாவது சட்டி வரப்போகிறது என்று அர்த்தம்.

"அம்மா, ஒரு முட்டைய மட்டும் முதல்லயே அவிச்சு எடுத்து வச்சிருங்க."

"யாருக்கு சார்?"

"ராக்கெட்டுக்கு."

"அதுல பச்சை முட்டையில்லா வைக்கணும்?"

"வெளிய இருந்து பாத்தா யாருக்கும்மா தெரியப் போகுது? ஓடு ஓடுதானே. உடைஞ்சு வழிஞ்சுதுன்னா அத்தனை பேர் முன்னால பள்ளிக்கூடத்துக்குத்தான் கேவலம்."

"பிள்ளைக்குத் தெரியுமே சார்."

"பிள்ளைகிட்ட சொல்லண்டாம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். பாவம் புண்ணியம் எல்லாம் அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியாது. முட்டை கூடையில் இருக்கிறது, சட்டி பக்கத்தில் கொதிக்கிறது. ஒன்றைத் தூக்கிப் போட எவ்வளவு நேரம்? யார் வயிறும் காயப்போவதில்லை. மேலதிகாரி சொல்கிறார். பள்ளியின் மானம் என்கிறார். 'நமக்கென்ன, நாம் சமைக்கிறவர்கள்' என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். அந்தக் குரலுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். வெளியே நிற்கிறவருக்கு அல்ல.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சார், அது அபிஷாக்க முட்டை. அவ சோத்துல இருந்து அவளே எடுத்து வச்சது. அவ பச்சையாக் கேட்டா. நான் பச்சையாத்தான் குடுப்பேன். அவிச்சு வேணும்னா உங்களுக்கு அவிச்சுத் தாறேன், நெத்தியில அடிச்சுத் தின்னுங்க."

கடைசியில் சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். வாயில் வந்துவிட்டது. அவர் முகம் கறுத்தது.

"உங்களுக்கு இந்த வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். வேலையத்தான் செய்துட்டு இருக்கேன்."

அவர் போய்விட்டார். அபிஷா வந்தாள். அவள் பங்கை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். பெரிய சார் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஓடிப்போய்த் தும்பில் பொதிந்து கூட்டுக்குள் வைத்து மூடினாள். ராக்கெட்டை மைதானத்தில் வைக்கவில்லை. 'வெயிலில் இருக்க வேண்டாம், பத்திரமாக இருக்கட்டும்' என்று ஆசிரியர்கள் அறைக்குள் கொண்டுபோனார்கள். அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் அடுப்பை விட்டுவிட்டுப் போக முடியுமா?

விருந்தாளி காலையில் வருவதாகச் சேதி. காலை போனது. வழியில் யாரோ வீட்டில் பலகாரம், யாரோ வீட்டில் பொன்னாடை என்று போன் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். சாப்பாட்டு நேரமும் வந்தது. 'விருந்தாளி வந்துபோன பிறகு சாப்பாடு' என்று பெரிய சாரிடம் இருந்து உத்தரவு. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மீதி முட்டை எல்லாவற்றையும் அவித்து இறக்கினேன். தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். சின்னப் பிள்ளைகள் வரிசையை விட்டு ஓடிவந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. நெற்றியில் முட்டை உடைகிற சத்தம் மைதானம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் கார் வந்தது.

ராக்கெட்டைக் கொண்டுவந்து கம்பியில் நிறுத்தினார்கள். செய்த பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு, பெரிய சாரும் பி.டி. சாரும் விருந்தாளிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். பி.டி. சார் என்றால் உடற்பயிற்சி ஆசிரியர். பெரிய சாருக்கு வலது கை. அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். விருந்தாளி பொத்தானை அமுக்கினார். சீறிக்கொண்டு போனது பாருங்கள், நான் சமையல்கூடத்து வாசலில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். மேலே போய்ப் புள்ளியாகி, டப் என்று சின்னச் சத்தம், சிவப்புக் குடை விரிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் வள்ளத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஆடி ஆடி மணலில் வந்து விழுந்தது.

பி.டி. சார் ஓடிப்போய் எடுத்து வந்தார். விருந்தாளி கூட்டைத் திறந்தார். உள்ளே முட்டை முழுசாக இருந்தது. கைதட்டல். அவர் முட்டையை உயர்த்திப் பிடித்தார். "வாங்க சார், நீங்களும் வாங்க" என்று பி.டி. சாரைத் தோளோடு தோளாக இழுத்து இறுக்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்து, செய்த பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். அபிஷா முன்னால் வந்தாள். விருந்தாளி முட்டையை அவள் கையில் வைத்தார்.

அவள் அதைக் கையில் வாங்கிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன். சிரித்துக்கொண்டுதான் வாங்கினாள். வாங்கியதும் சிரிப்பு நின்றது. கையில் வைத்து ஒரு குலுக்கு. பிறகு தலையைத் திருப்பி, அத்தனை பேரையும் தாண்டி, சமையல்கூடத்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

'நீங்களுமா மாமி?' என்கிற பார்வை.

என் கைதான் கொடுத்தது. வேறு யார் மேல் அவள் சந்தேகப்படுவாள்? என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்க வைக்க நடுவில் அரை மைதானம் கிடந்தது.

நான் நடக்கத் தொடங்குவதற்குள் அவள் செய்துவிட்டாள். கையை ஓங்கி அந்த முட்டையைத் தன் நெற்றியில் அடித்தாள். டப்!

டீச்சர்மார் "ஐயோ" என்றார்கள். ஒன்றும் வழியவில்லை. ஓடு விரிந்தது. வெள்ளையாக, கெட்டியாக, அவித்த முட்டை.

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"இது எனக்க முட்டை இல்ல" என்றாள் அபிஷா.

பெரிய சார் சிரித்துச் சமாளித்தார். "சமையலம்மா தெரியாம அவிச்சதத் தந்துட்டாங்க போல சார். படிக்காதவங்க, பச்சை முட்டைதான் வைக்கணும்னு புரிஞ்சிருக்காது."

நான் அதற்குள் அங்கே வந்துவிட்டேன். தோளில் கரித்துணி, கையெல்லாம் சாம்பார். ஷெரின், இதை அப்படியே எழுது. எனக்குப் படிப்பில்லை என்று சொன்னால் கோபம் வராது, அது உண்மை. எனக்குப் பச்சை முட்டைக்கும் அவித்த முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது என்று, நான் சோறு போடுகிற பிள்ளைகள் முன்னால் வைத்துச் சொன்னார் அந்த மனிதர்.

"காலையில எனக்க அடுப்பங்கரை வாசல்ல வந்து நிண்ணு நீங்க என்ன கேட்டீங்க சார்? சொல்லட்டா?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு சின்னப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு கத்தியது. "பி.டி. சாருக்க பாக்கெட்டில இருந்து மஞ்சளா ஒழுவுது!"

எல்லோரும் பார்த்தோம். வெள்ளைச் சட்டையின் பையில் இருந்து மஞ்சள் கரு கோடாக இறங்கி, இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. ஆசிரியர்கள் அறையில் வைத்து மாற்றியிருக்கிறார். அவித்ததைச் சாயாக் கடையில் இருந்து வாங்கிவந்து கூட்டுக்குள் வைத்துவிட்டு, எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் பையில் போட்டிருக்கிறார். மேலே போய் உடையாமல் திரும்பி வர வேண்டிய முட்டை, விருந்தாளி கட்டிப்பிடித்ததில் உடைந்துவிட்டது.

"மக்கா, உனக்க முட்டை அங்கன இருக்கு" என்று அபிஷாவிடம் சொன்னேன்.

அவள் பி.டி. சாரின் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. எனக்கு அது போதும். வேலை போனால் போகட்டும் என்று நின்றேன்.

இனி அந்த விருந்தாளி என்ன சொன்னார் என்று கேளுங்கள். நல்ல மனிதர், பிள்ளைகள் படிக்கட்டும் என்று பெட்டி அனுப்பியவர், இப்போது கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி விடுங்க சார். ராக்கெட் மேல போச்சுல்லா? போட்டோவும் நல்லா வந்தாச்சு. ஃப்ளைட்டுக்கு டைம் ஆகுது" என்றார். அபிஷாவின் தலையில் தட்டினார். முட்டை ஓட்டுத் துணுக்கு ஒன்று அவர் கையில் ஒட்டியது, தட்டிவிட்டுக் காரில் ஏறினார். பெரிய சாரும் வழியனுப்பக் கூடவே போனார்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் பெரிய சார் மேல்கூட இல்லை. அவர் பயந்த மனிதர். எல்லாம் பார்த்துவிட்டு, போட்டோ வந்தாச்சே என்று போனாரே, அவர் மேல்தான். அவருக்கு வேண்டியது அந்தப் போட்டோதான் என்றால், ஒரு வாரமாகச் சோற்றில் முட்டை இல்லாமல் தின்ற பிள்ளை எதற்கு?

அறிவியல் டீச்சர் அதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. சின்ன வயது, நிரந்தர வேலையும் இல்லை. கார் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "பெட்டியில இன்னொரு மருந்துக் குச்சி இருக்கு" என்றார்.

"அப்போ விடுங்க டீச்சர்" என்றேன்.

"முட்டை?"

சமையல்கூடத்தில் ஒரு பச்சை முட்டைகூட இல்லை. எல்லாம் அவித்தாகிவிட்டது. அபிஷா மதிலேறி, கடற்கரை வீடுகளைப் பார்த்துக் கத்தினாள். "மாமி, உங்களுக்க கோழி இண்ணைக்கு முட்டை போட்டா?" வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி உள்ளே போய், நாட்டுக்கோழி முட்டை ஒன்றைக் கொண்டுவந்து மதிலுக்கு மேலே நீட்டினாள். "மேல விட்டா திருப்பித் தருவியாட்டி?" என்று சிரித்தாள். "வந்தாத் தாறேன்" என்றாள் இவள்.

இந்த முறை பொத்தானை அபிஷா அமுக்கினாள். பிள்ளைகள், டீச்சர், நான், வள்ளத்து ஆட்கள். வேறு ஆள் இல்லை. முதலில் போனதைவிட உயரமாகப் போனது என்று பிள்ளைகள் சொன்னார்கள். குடை விரிந்தது. ஆனால் காற்று மாறியிருந்தது. குடை ராக்கெட்டைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வள்ளத்தில் இரண்டு பேர் இறங்கிப் போய், துடுப்பால் கோரி எடுத்து வந்து கொடுத்தார்கள்.

அபிஷா மணலில் உட்கார்ந்து கூட்டைத் திறந்தாள். தும்பு முழுக்க மஞ்சள். உடைந்துவிட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் விரலால் தும்பை நீக்கி நீக்கிப் பார்த்தாள். "நாட்டுக்கோழி முட்டை சின்னது மாமி. எடம் கூடிப்போச்சு, உள்ள ஆடியிருக்கு. இன்னும் தும்பு வச்சிருக்கணும்" என்றாள். அந்தச் சாயாக் கடை முட்டை மைதானத்தில் கிடந்தது. நாள் முழுக்கப் பசியோடு இருந்தும் அவள் அதைத் தொடவில்லை. ஒரு நாய் தின்றுவிட்டுப் போனது. சமையல்கூடத்துக்கு அழைத்துக்கொண்டுபோய்ச் சோறு போட்டேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் பெரிய சார் ஒரு தாளை என் முன்னால் நீட்டினார். "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு கையெழுத்து." எனக்குப் பெயர் எழுதத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாது என்பதும் தெரியும். நான் தாளை எடுத்துக்கொண்டு அறிவியல் டீச்சரிடம் போனேன். "சத்தமா வாசிங்க டீச்சர்" என்றேன். அவர் வாசித்தார். ஒரு சொல்லை விடாமல் வாசித்தார். நான் கவனக்குறைவாக அவித்த முட்டையைக் கொடுத்துவிட்டேனாம். அதற்காக வருந்துகிறேனாம். நான் வருந்துகிறேன் என்று வேறொருவர் எழுதி வைத்திருக்கிறார்!

கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி அவர் மேசையில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். இதை மனதில் வையுங்கள் பெண்களே. உங்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிடப் படித்தவர்கள். இருந்தாலும் அவசரத்தில் நீட்டுகிற தாளை உட்கார்ந்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவள் என்றால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் என்னை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். தக்கலைக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர். காரணம் கேட்டேன். நிர்வாகக் காரணம் என்றார்கள். அந்தக் காரணத்தைச் சுமந்துகொண்டு ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் விடியும் முன் பஸ் ஏறினேன். பெரிய சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பி.டி. சாருக்கு ஒரு சட்டைதான் போனது. நியாயமாக நடந்தால் நியாயம் கிடைக்கும் என்று நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. எனக்குக் கிடைத்தது இரண்டு பஸ்.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை, வீட்டு முற்றத்தில் அபிஷா வந்து நின்றாள். கையில் டிபன் பெட்டி. திறந்தாள். தும்புக்கு நடுவில் ஒரு முட்டை.

"போயிட்டு வந்தாச்சு மாமி. நேத்து. டீச்சர் புதுக் குழாயும் மருந்துக் குச்சியும் வாங்கித் தந்தாவ. யாரையும் கூப்பிடல்ல, நாங்க மட்டுந்தான் விட்டோம். பாருங்க, ஒரு கீறலு உண்டா?"

இல்லை. நான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பஸ்ஸுல உடையாமக் கொண்டு வந்ததுதாம்ட்டி பெருசு" என்றேன்.

"நம்பிக்கை இல்லையா? நெத்தியில அடிச்சுப் பாருங்க" என்று தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

அவள் சொன்னால் எனக்குப் போதும். இருந்தாலும் அவள் கண்முன்னால் சட்டியின் விளிம்பில் தட்டி உடைத்தேன். பச்சை. மஞ்சள் கரு கலங்காமல் முழுசாக இறங்கியது. உப்பும் மிளகும் போட்டுப் பொரித்தேன். அவள் பாதி, நான் பாதி.

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஷெரின் இங்கே பேனாவை மூடப் பார்க்கிறாள். மூடாதே மக்கா. நடுவில் இரண்டு இடத்தில், "ஆச்சி, இது கொஞ்சம் காரமா இருக்கு, பதமா எழுதட்டா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. அடியில் என் பெயரை நான்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால், முதல் வரியில் இருந்து சத்தமாக வாசி. நான் பச்சையாகக் கொடுத்ததை நீ அவித்து வைத்திருக்கிறாயா என்று கேட்கிறேன்.